இரண்டு முறை கூட்டிய மூன்று

பதினொரு மணிக்குக் கூட்டம். பத்தே முக்காலுக்கு நான் அளவைப் பிரிவு அறையில் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். செல்போன் டவர் கம்பெனிக்குக் கொடுத்த அலைவரிசையையே செயற்கைக்கோள் இணையத்துக்கும் பகிர்ந்து கொடுக்கலாமா என்று ஒரு சாட்டிலைட் கம்பெனி எங்கள் அலைவரிசை அலுவலகத்தைக் கேட்டிருந்தது. டவருக்கு இடைஞ்சல் இல்லையென்றால் கொடுக்கலாம். அளந்தது நான். இடைஞ்சல் வரம்பை இரண்டு டெசிபல் தாண்டுகிறது என்று இரண்டு வாரம் முன்பே எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. இன்று கோப்பை மூடிவிடுவார்கள். மூடினால் மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருடம்.

அந்த இணையத்துக்காகக் காத்திருப்பவர்களில் என் அக்காவும் ஒருத்தி. மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். மற்ற நாட்களில் இ.சி.ஜி. எடுத்தால், அதை அவருக்கு அனுப்ப அரை மணி நேரம் ஜீப்பில் கீழே இறங்க வேண்டும். "அளவு தாண்டிடுச்சுக்கா, நான் என்ன பண்றது?" என்று பெரிய இவள் மாதிரி அவளிடம் சொல்லியிருந்தேன்.

இன்று காலை வேறு வேலைக்காக அந்த அளக்கும் கருவியை ஆன் செய்தேன். செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு மூன்று உட்கார்ந்திருந்தது. ஆன்டெனாவிலிருந்து வரும் கேபிளில் மூன்று டெசிபல் வீணாகும். அதைக் கருவியே கூட்டிக் காட்டட்டும் என்று போட்டு வைத்தது நான்தான். பிறகு பழக்க தோஷத்தில் அறிக்கையில் கையாலும் ஒரு மூன்றைக் கூட்டித் தொலைத்திருக்கிறேன். ஒன்றை எடுத்துவிட்டால் வரம்புக்குக் கீழே.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி ஒரு நினைப்பு வந்ததே எனக்கு அசிங்கமாக இருந்தது.

கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"சார், பைலை மூடாதீங்க. கணக்கு தப்பு. தப்பு என்னுது."

டவர் கம்பெனிக்காரர் சிரித்தார். "கையெழுத்துப் போட்டுட்டு இப்ப வந்து சொல்றீங்களேம்மா?"

"இப்பதான் பார்த்தேன்." கருவியின் பக்கத்தை அச்செடுத்துப் போயிருந்தேன். அதை மேஜையில் வைத்தேன்.

சார் இரண்டு தடவை படித்தார். "லிஸ்ட்ல இருக்கற மலை ஆஸ்பத்திரிக்கு மட்டும் இப்போதைக்குத் தற்காலிக அனுமதி. மறுபடி அளக்கணும். நீங்க அளக்க வேண்டாம்" என்றார்.

வராந்தாவுக்கு வந்து அக்காவின் ஆஸ்பத்திரி லேண்ட்லைனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"ரெண்டு வாரமா அந்த சாட்டிலைட்டைத்தானேடி திட்டிட்டிருந்தேன்" என்றாள்.

இனி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "பேஷன்ட் வந்திருக்காங்க. ஜீப் சொல்லணும், வை" என்றாள்.