அப்பாவின் பெயரில் ஓர் இலக்கம்

செத்தவரின் கழுத்தில் ரை கட்டுவது உயிரோடு இருக்கிறவருக்குக் கட்டுவதைவிட லேசு. கழுத்தைத் திருப்பமாட்டார். இறுக்குது, இறுக்குது என்று கத்தமாட்டார்.

அப்படி நினைத்ததற்காக எமிலியாவுக்கு வெட்கம் வரவில்லை. முதியோர் இல்லத்து வேலையில் எத்தனையோ பேருக்குக் கடைசிச் சட்டையை மாட்டியிருக்கிறாள். அப்பாவையும் நானே உடுத்துகிறேன் என்று அவள் சொன்னபோது, ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் யாரும் மறுக்கவில்லை. பெட்டிக்குள் கிடந்த அப்பா யோசேப்பின் சட்டைக் கொலரை அவள் மடித்துவிட்டாள். மறுபக்கம் நின்று அம்மா மக்டலீன் அவரின் விரல்களில் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தம்பி கிளின்ரன் யன்னலோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வியாழக்கிழமை பொலிஸ் உன்னையெல்லே வரச் சொல்லியிருக்கு?" அம்மா கேட்டாள்.

"ஓம்."

"அப்பாதான் எழுதினவர் எண்டு சொல்லு."

கடைக்குப் போனால் பால் வாங்கிக்கொண்டு வா என்று சொல்லும் அதே குரல். எமிலியாவின் கை கொலரிலேயே நின்றது.

"அவர் போயிட்டார். இனி அவரை ஆர் என்ன செய்யிறது? உவன் தம்பிக்கு ஒரு வாழ்க்கை கிடக்கு, பிள்ளை."

வீட்டிலுள்ள நான்கு போன்களும் அப்பாவின் பெயரில்தான் இருந்தன. பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது, ஒரே பில்லாக வரட்டும் என்று எடுத்தது. பிள்ளைகள் வளர்ந்து உழைக்கத் தொடங்கிய பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. நோர்வேயில், புருசெத்தில் அவர்கள் குடியிருந்த தொடர்மாடியில் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். அதனால் கிளின்ரன் எழுதியதற்குப் பொலிஸ் யோசேப்பைத்தான் தேடி வந்தது.

அவன் எழுதியது இரண்டு மாடி மேலே இருந்த தக்ஷாயினிக்கு. இணையத்தில் பெண்ணை வன்புணர்வேன் என்று மிரட்டுகிறவனை, வீட்டு வாசலில் வந்து நின்று மிரட்டுகிறவனைப் போலவே தண்டிக்க வேண்டும், அதற்குச் சட்டத்தை இறுக்க வேண்டும் என்று அவள் ரிவியில் பேசினாள். அன்றைக்கே, அவனுடைய போன் இலக்கத்தில் திறந்திருந்த முகமில்லாத ஒரு கணக்கிலிருந்து அவளுக்குச் செய்திகள் போயின. தமிழ், ஆனால் நோர்வேஜிய எழுத்தில். எத்தனை பேர் வருவார்கள், படிக்கட்டின் எந்தத் திருப்பத்தில் நிற்பார்கள், முதலில் என்ன செய்வார்கள், பிறகு என்ன செய்வார்கள். எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது.

அந்த எழுத்தில் தமிழை வாசிக்க அப்பாவுக்குத் தெரியாது. வழக்குக்குப் பிடித்த லோயர் கொடுத்த பிரதியை எமிலியாவிடம் நீட்டினார்.

"வேண்டாம் அப்பா."

"வாசி. என்ரை பேரில வந்திருக்கு. எனக்குத் தெரியோணும்."

குசினி மேசையில் அப்பாவுக்கு முன்னால் இருந்து அவள் வாசித்தாள். சில சொற்களைத் தாண்டிப் போகப் பார்த்தாள். அவள் தடுக்கிய இடம் ஒவ்வொன்றிலும் அவர், "விடாமல் வாசி," என்றார். முடிந்ததும் எழும்பிப் போய்க் குழாயில் கைகழுவினார். துடைக்காமல், தண்ணீர் சொட்டச் சொட்டப் போய்க் கிளின்ரனின் அறைக் கதவைத் தட்டினார்.

கிளின்ரன் இல்லையென்று சொல்லவில்லை. "சும்மா பகிடி அப்பா. எல்லாரும் இன்ரநெற்றில உப்பிடித்தான் எழுதிறவங்கள். ரிவியில வந்து பெரிய கதை கதைக்கிறவவுக்கு ஒரு பகிடி தாங்கேலாதோ?"

"உனக்கும் ஒரு அக்கா இருக்கிறாள்."

"அக்கா உப்பிடி ரிவியில நிண்டு கத்திறேல்லையே."

அப்பா கையை ஓங்கவில்லை. அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று எமிலியா அப்போதும் நினைத்தாள், இப்போதும் நினைக்கிறாள்.

சில நாள் கழித்து அவர் வேலை முடிந்து வந்தார். சப்பாத்தையும் கழற்றாமல் குசினி வாசலில் நின்றார். "அந்த மேல்மாடிப் பிள்ளை என்னைக் கண்டிட்டு லிப்றை விட்டு இறங்கி ஓடுது, எமி. என்னைக் கண்டு." அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் லிப்றில் ஏறவில்லை. அவர்களுடைய வீடு ஏழாம் மாடியில். நெஞ்சு வருத்தத்துக்குக் குளிசை போடுகிற மனிதர், காலையும் மாலையும் படியால் ஏறி இறங்கினார். ஐந்தாம் மாடித் திருப்பத்தில், மரக்கறிப் பையோடு சரிந்து கிடந்தவரைப் பக்கத்து வீட்டுச் சோமாலியப் பெண்தான் முதலில் கண்டாள்.

"அக்கா," கிளின்ரன் போனைப் பொக்கெற்றுக்குள் வைத்தான். "லோயர் சொல்லுறார், உந்தக் கேஸுகளில இப்ப இரக்கம் பாக்கமாட்டினமாம். உள்ளுக்குப் போட்டாலும் போடுவினமாம். என்ரை படிப்புப் போயிடும். பிறகு எந்தப் பள்ளிக்கூடத்தில என்னை ரீச்சரா எடுப்பினம்?"

"எழுதேக்கை உதை யோசிக்கேல்லையோ?"

"அப்பா தன்ரை நம்பர்தான் எண்டு பொலிஸில சொல்லிப்போட்டார்தானே. எனக்காகத்தான் சொன்னவர். நீதான் அவரின்ரை கடிதம், பாங்க் எல்லாம் பாத்தனி. நீ சொன்னா நம்புவினம்."

அது அவளுக்குள் தைத்தது. உண்மையாகவும் இருக்கலாம். இலக்கம் தன்னுடையது என்று சொல்லிவிட்டு அப்பா வேறொன்றும் பேசாமல் வந்தது பயத்தாலா, மொழி முட்டியதாலா, அல்லது அப்போதே ஒரு முடிவெடுத்துவிட்டாரா? அவள் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை.

"கடைசியா என்னட்டைச் சொன்னவர்," என்றாள் அம்மா. "'நான் பாரமெடுக்கிறன் மக்டலீன், பொடியன்ரை பேர் கெடக்கூடாது' எண்டு."

எமிலியா அம்மாவின் கண்களைப் பார்த்தாள். பொய்யா என்று தெரியவில்லை. அம்மாவுக்கே இப்போது தெரியாமலிருக்கலாம்.

"அப்ப ஏனம்மா படியால ஏறித் திரிஞ்சவர்?"

செபமாலை மணிகள் அம்மாவின் விரலில் சிக்கிக்கொண்டன. அவற்றை இழுத்து விடுவித்தாள்.

"அவள் செத்துப் போகேல்லை," என்றாள் அம்மா, குரல் உயராமல். "அவளை ஒருத்தரும் தொடவும் இல்லை. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தா என்ரை மனுசன் இண்டைக்கு இருந்திருப்பார். இஞ்சை செத்துக் கிடக்கிறது ஆர்? சொல்லு பாப்பம். அவளுக்கு ஆர் எழுதினா என்ன? ஆரோ ஒரு ஆள். அது செத்த ஆளா இருந்திட்டுப் போகட்டுமன்."

ஆரோ ஒரு ஆள். நாளைக்குத் தக்ஷாயினி நிம்மதியாக லிப்றில் ஏறுவாள், அந்தக் கிழவன் செத்துவிட்டான் என்று. இரண்டு மாடி கீழே கதவு திறந்து கிளின்ரன் ஏறுவான். அவள் அவனைப் பார்த்துச் சிரிக்கவும் கூடும்.

கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. மரணச்சடங்கு ஒழுங்கு செய்யும் நோர்வேஜியர் உள்ளே வந்தார். கூட்டம் வெளியே காத்திருக்கிறது, பாதிரியாரும் வந்துவிட்டார், மூடலாமா என்று கேட்டார். கேட்டது எமிலியாவிடம். அந்தக் குடும்பத்தில் யாரிடம் கேட்கவேண்டும் என்று வந்த முதல் நாளே அவருக்கு விளங்கியிருந்தது. சிறு வயதிலிருந்து அவள்தான் அந்த வீட்டின் வாய்.

அம்மா பெட்டியின் விளிம்பில் கையை வைத்தாள்.

"பொறுக்கச் சொல்லு அந்தாளை. முதல்ல நீ இவரின்ரை முகத்தைப் பாத்து ஓமெண்டு சொல்லு. சொன்னாப் பிறகு மூடட்டும். அதுவரைக்கும் மூட விடமாட்டன்."

"அக்கா, பிளீஸ்," என்றான் கிளின்ரன். சிறு வயதில் கணக்குப் பாடம் செய்து தரச்சொல்லிக் கேட்கிற அதே முகம்.

மூடியைப் பிடித்தபடி நோர்வேஜியர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எமிலியா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு அம்மா கேட்ட ஓமைச் சொல்லாமலே அந்த மனிதரின் பக்கம் திரும்பி, அவருடைய மொழியில், "மூடலாம்," என்றாள்.

அம்மாவுக்கு அந்த அளவு நோர்வேஜிய மொழி விளங்கும். அவள் கையை எடுக்கவில்லை. கை எடுபடும்வரை அந்த மனிதர் மூடியைத் தாங்கியபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மரியாதையாகக் காத்து நின்றார்.