ஒற்றைக் கையால் திறக்கும் கத்தி

வாங்கிக் கொடுத்தால் இந்த மனுஷன் இன்னும் பத்து வருஷம் தண்ணிக்குள் இறங்குவான். வாங்கிக் கொடுக்காவிட்டாலும் இறங்கத்தான் போகிறான், ஏதாவது ஒரு மொண்ணைக் கத்தியோடு. இதில் எதற்கு நான் துணை போவது?

பத்து நாளாகத் தேவானைக்கு இதே யோசனைதான். லூப் ரோடு மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்தைத் துண்டு போடும்போதும், பாதி விலைக்குக் கேட்கும் கார்க்காரர்களோடு மல்லுக்கட்டும்போதும் உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பறக்கும் ரயிலில், கலங்கரை விளக்கம் ஸ்டேஷன் தாண்டியபிறகும் ஓடியது. எதிர் இருக்கையில் அவள் புருஷன் நாகராஜ் வெள்ளைச் சட்டையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக உட்கார்ந்திருந்தான். காலையிலேயே ஷேவ் செய்திருந்தான். தாடையில் ஓரிடத்தில் கீறல்.

"இன்னாய்யா, கத்தி பாக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதாமே. வூட்டுக்கு வந்தப்புறம்தான் எவ்ளோ கூருன்னு தெரியும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் போனைப் பார்த்தபடியே சிரித்தாள். தேவானைக்கும் சிரிப்பு வந்தது. கோபம் வர வேண்டிய இடத்திலெல்லாம் முப்பத்தொரு வருஷமாக இப்படித்தான் சிரிப்பு வந்து கெடுத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு மாதம் முன்னால் நடந்ததுதான் இதற்கெல்லாம் ஆரம்பம். கரையிலிருந்து வெகு தூரத்தில், யாரோ அறுத்து விட்ட பழைய வலை ஒன்று இவர்கள் ஃபைபர் படகின் இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. படகில் நாகராஜும் அவள் தம்பி அசோகனும் மட்டும். இப்படிச் சிக்கினால் ஒருவன் தண்ணீருக்குள் இறங்கி, ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வலையை அறுக்க வேண்டும். அந்த ஒருவன் எப்போதும் நாகராஜ்தான். வயது ஐம்பத்தாறு ஆனபின்னும் அதில் மாற்றமில்லை. அன்றைக்கு அறுக்கும்போது கத்தி நழுவி முழங்கைக்குக் கீழே ஏழு தையல். கத்தியும் கடலோடு போனது.

கத்திதான் மோசம் என்றான் நாகராஜ். உப்புத் தண்ணியில் துருப்பிடித்து மொண்ணையானது, இடுப்பில் செருகினால் வயிற்றைக் கிழிக்கும், பிடி வழுக்கும். அசோகன் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் இன்ஜினுக்கு ஏதோ சாமான் வாங்க சிந்தாதிரிப்பேட்டைக்குப் போன நாகராஜ், ஒரு கடையில் அந்த மடக்குக் கத்தியைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து சோற்றுத் தட்டின் முன்னால் தினமும் அதே பேச்சு. கனமான இரும்பு, ஆனால் துருவே ஏறாது. பாதி அலகு வழவழப்பு, பாதி ரம்பம் மாதிரிப் பல். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். திறந்தால் பூட்டிக்கொள்ளும், தானாக விரலில் மடியாது. முக்கியமாக, ஒரே கையால் திறக்கலாம். இந்தக் கை படகில், அந்தக் கையின் கட்டைவிரலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். இதை அவன் சீப்பை வைத்து நடித்துக் காட்டினான்.

விலையை மூன்றாம் நாள்தான் சொன்னான். அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, வேகமாக. ஒன்பதாயிரம்.

அந்தப் பணம் அவளிடம் இருந்தது. அவர்கள் குப்பத்தில் ஆண் மீனைக் கரைக்குக் கொண்டுவருவதோடு சரி. விற்பதும், பணத்தை இடுப்பில் முடிவதும் பெண்ணின் பாடு. நாகராஜ் தன் டீக்கும் பீடிக்கும்கூட அவளிடம்தான் வாங்கிக்கொண்டு போவான். ஒருநாளும் அதற்காக முகம் சுண்டியதில்லை. இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவன் ஆசைப்பட்டுக் கேட்ட பொருட்களை யோசித்துப் பார்த்தாள். ஒரு ரேடியோ. ஒரு கறுப்புக் கண்ணாடி. இப்போது இது. அதனால்தான் அவளால் உடனே இல்லையென்று சொல்ல முடியவில்லை. சரியென்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கத்தியை அவன் கையில் வைப்பது, போ, படகுக்கு அடியில் போ, என்று அவளே சொல்வதுபோல. கடலுக்குப் போகாதே என்று சொல்கிறவளும் அல்ல அவள். ஒரு புயல் சமயத்தில் மாதம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தவனை அவளுக்கு ஞாபகம் இருந்தது. வேறு யார் வீட்டு மனுஷனோ வழி தவறி வந்து உட்கார்ந்திருந்த மாதிரி.

எதற்கும் நேரில் பார்த்துவிடலாம் என்றுதான், கடல் சரியில்லாத இந்த நாளில் கிளம்பினாள். கத்தியைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் பிழைப்பே கத்தியில்தான்.

சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, கூவத்தின் வாடையைத் தாண்டி, இரண்டு தெரு நடந்தார்கள். கடை ஒரு ஆள் நிற்கிற அகலம்தான். கூரையிலிருந்து கயிற்றுச் சுருள்களும் சங்கிலிகளும் தொங்கின. கல்லாவில் கலீமுல்லா பாய் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வா நைனா. அம்மாவைக் கூட்டியாந்துட்டியா? அப்போ இன்னிக்கு முடிவுதான்."

பாய் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது, நாகராஜ் இந்தக் கடைக்கு நாலு தடவை வந்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பானாம். கையில் எடுத்துப் பார் என்றால் மாட்டானாம், வீட்டுக்காரி வரட்டும் என்பானாம். இப்படி ஒரு புருஷனை நான் பார்த்ததில்லை என்றார் பாய். நாகராஜ் கயிற்றுச் சுருள்களை எண்ணுவதுபோல மேலே பார்த்துக்கொண்டு நின்றான். தேவானைக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அந்த நிமிஷத்தில் பாய் பணம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள்.

பாய் பெட்டியைத் திறந்தார். மெல்லிய காகிதத்துக்குள் கறுப்பாக, நீளக் கருவாடு மாதிரி படுத்திருந்தது கத்தி. எடுத்து, கட்டைவிரலால் தள்ளினார். டக்கென்று அலகு வெளியே வந்து பூட்டிக்கொண்டது. விரல் தடிமன் உள்ள நைலான் கயிற்றை மேஜை விளிம்பில் வைத்து ஒரே இழுப்பு. துண்டு அவள் கால் பக்கம் விழுந்தது. குனிந்து எடுத்து, வெட்டுப்பட்ட முனையைத் தடவிப் பார்த்தாள். ஒரு இழைகூடப் பிசிறவில்லை. பெரிய வஞ்சிரத்தின் நடுமுள்ளை எது ஒரே வீச்சில் அறுக்கும், எது பாதியில் நின்று மானத்தை வாங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவள் அவள். இது ஏமாற்றாத கத்தி.

பாய் அதை மடித்து நாகராஜிடம் நீட்டினார்.

"கீழ வை பாய்," என்றான் அவன்.

அவர்கள் வீட்டு வழக்கம் அது. கத்தியையோ அரிவாள்மணையையோ கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து இரண்டு பேரும் இதில் தவறியதில்லை. சண்டை என்னவோ கத்தியில்லாமலே வந்துகொண்டுதான் இருந்தது.

"மடிச்சாச்சு நைனா. இப்போ இது கத்தி இல்ல, சும்மா கட்டை," என்று சிரித்தபடி பாய் அவன் வலது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

நாகராஜ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கட்டைவிரலை வைத்துத் தள்ளினான். அலகு அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினான். மூன்றாம் தடவை, கயிறு பார்க்கிறவன்போல மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பினான். அவன் முதுகும், சேர்ந்து அசைந்த இரண்டு முழங்கைகளும் தேவானைக்குத் தெரிந்தன. இடது கையால் அலகைப் பிடித்து இழுக்கிறான். டக். திரும்பியபோது திறந்த கத்தி வலது கையில் இருந்தது, முகத்தில் சிரிப்பு இருந்தது. அப்புறம் மடிக்கப் போனான். அது கையிலிருந்து நழுவிக் கல்லா மேஜைமேல் விழுந்தது.

"புதுசு இல்ல, கொஞ்சம் டைட்டா இருக்கும்," என்றார் பாய் உடனே. சொல்லிவிட்டு வேறெதையோ தேட ஆரம்பித்தார்.

தேவானை அதை எடுத்து மடித்தாள். யோசிக்காமல் கட்டைவிரலால் ஒரு தள்ளு. தண்ணீர் மாதிரித் திறந்துகொண்டது. ஒன்றும் டைட்டில்லை. திறந்திருக்க வேண்டாம் என்று அப்போதுதான் தோன்றியது. அவசரமாக மடித்துக் காகிதத்தின்மேல் வைத்தாள். நாகராஜ் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதமாக, வெளியே கிளம்பும்போதெல்லாம் சட்டையைத் திறந்தபடி அவள் முன்னால் வந்து நிற்பான். பொத்தான் போட்டுவிடு என்பான். பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் என்ன கொழுப்பு என்று ஏசிக்கொண்டே போட்டுவிடுவாள். அந்தக் கால் நிமிஷத்துக்காகவே சில நாள் மார்க்கெட்டிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறாள், யாரிடமும் சொன்னதில்லை. ராத்திரி சோற்றைப் பிசைந்து கொடு, உன் கை பட்டால்தான் ருசி என்பான். டீ கிளாஸை இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பான், குளிருதுமே என்பான், சித்திரை மாதத்தில். எல்லாவற்றையும் அவள் ஆசை என்று எடுத்துக்கொண்டாள். தையல் போட்ட கைதானே, ஆறட்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தையல் இடது கையில். நழுவ விட்டது வலது கை.

கத்தி அன்றைக்கு வழுக்கவில்லை. பிடித்த விரல்களில் பிடி இல்லை.

அவளுக்கு முதலில் வந்தது ஒரு வெட்கம். ஏமாந்த வெட்கம். பிறகு அதுவும் போய்விட்டது. பொத்தான் போடும்போது அவன் அவள் உச்சந்தலையில் மூச்சு விட்டுக்கொண்டு சும்மா நின்றதெல்லாம் பொய்யா என்ன? கை வராததும் நிஜம், அதை அவளிடம் கொண்டுவந்து நீட்டியதும் நிஜம். வாயால் சொல்லத் தெரியாதவன் சட்டையால் சொல்லியிருக்கிறான். அவளுக்குத்தான் பாதி கேட்டிருக்கிறது. ஒரே ஒரு நாள் வீட்டில் ஒரு கத்தியைக் கைக்குக் கை கொடுத்திருந்தால்கூட அவன் விரலின் தளர்ச்சி இவள் விரலுக்குத் தெரிந்திருக்கும். சண்டை வரக் கூடாதென்று கீழே வைத்துக் கீழே வைத்து, இதுவும் தெரியாமலே போயிற்று.

பாய் உள்ளேயிருந்து இன்னொரு பெட்டியோடு வந்தார். இதுவும் அதே இரும்புதான், ஆனால் லேசாகத் திறக்கும், விரல் வைத்தாலே போதும், ஐநூறு ரூபாய்தான் அதிகம் என்றார். சொல்லும்போது இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. அவருக்கும் புரிந்திருக்கிறது என்று தேவானைக்குத் தெரிந்தது. இந்த முறை கத்தியைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தார்.

நாகராஜ் எடுத்தான். தள்ளினான். திறந்துகொண்டது.

"பாத்தியா," என்றான். குரலில் அப்படியொரு சந்தோஷம். "இது லேசா கீது."

அவள் பார்த்தாள். கத்தியை அல்ல, கத்தியைப் பிடித்திருந்த விரல்களை. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் பிடியின்மேல் சும்மா சாய்ந்திருந்தன. மற்ற மூன்றும்தான் தாங்கிக்கொண்டிருந்தன. திறப்பதற்கு ஆயிரம் வழி கண்டுபிடிப்பார்கள். திறந்தபின், அலை தூக்கிப் போடும்போது, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலையோடு சேர்த்து அதை யார் பிடிப்பது? எவ்வளவு நல்ல கத்தியோ அவ்வளவு நம்பிக்கையாக இறங்குவான். எவ்வளவு கூரோ அவ்வளவு ஆழமாகப் போகும். வாங்கலாமா வேண்டாமா என்று பத்து நாளாக அரித்தது அத்தோடு நின்றுவிட்டது. நாளைக்குக் காலையில் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும், அசோகனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அவனை ஒரு கை பார்க்க வேண்டும். ஆனால் இங்கே, இந்தக் கல்லாவுக்கு முன்னால், கயிறு தொங்குகிற கடையில் எதையும் சொல்லக் கூடாது.

"பில்லு போட்டுடட்டுமா அம்மா?" என்றார் பாய்.

"வெல ஜாஸ்தி பாய்," என்றாள் தேவானை. "எங்களுக்குத் தாங்காது."

பாய் ஒரு கணம் அவளைப் பார்த்தார். விலையைக் குறைக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. சரி அம்மா, கடை எங்கே போகப் போகிறது என்று சொல்லி, நிதானமாகக் காகிதத்தை மடிக்கத் தொடங்கினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். அழைப்பு எதுவும் வந்த மாதிரித் தெரியவில்லை.

நாகராஜ் அவள் பக்கத்தில் நெருங்கி நின்றான். அவன் சட்டையில் சோப்பு வாசனை.

"துட்டு எட்த்தாரலியா?"

"எட்த்தாந்தேன்."

"அப்புறம் இன்னாமே?" என்றான் தாழ்ந்த குரலில். "நா எப்போவாச்சும் உன்கிட்ட எதுனா கேட்டுக்கீறனா? இது ஒண்ணு வாங்கிக் குட்றி."

அவள் இடுப்பு முடிச்சின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

"மாட்டேன்யா," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.