எண்ணெய் ஊறிய கதவு

முட்டுக்காட்டில் பரணிதரன் வாங்கியிருந்த பழைய வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தான் கிருபாகரன். வாசல் கதவிலும் ஜன்னல்களிலும் உள்பக்கம் ஒரு சாண் இடத்தில் பெயின்ட் ஒட்டித் தொலைக்கவில்லை. சிலுவைபோல எண்ணெய் ஊறியிருந்தது.

"ஜெப எண்ணெய் சார். வெளிய கீறது எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு உள்பக்கமா பூசுவாங்க," என்றான்.

"எங்களுக்கு எதுக்குங்க? தேய்ச்சு எடுத்துடுங்க," என்றார் பரணிதரன்.

கிருபாகரனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் உப்புத்தாளை வைத்து எல்லாவற்றையும் தேய்த்தான். கடைசியாக, உள்ளிருந்து தாழிட்டுக் கிடந்த பின்னறைக் கதவு. அதையும் தேய்த்து முடித்த பிறகுதான் உறைத்தது: அந்தக் கதவில் மட்டும் எண்ணெயை வெளிப்பக்கம் பூசியிருந்தார்கள்.

கீழே கொட்டிய தூளை அள்ளி அதே இடத்தில் அப்பினான். ஒட்டவில்லை.

உள்ளே யாரோ தாழ்ப்பாளை நிதானமாக விலக்கினார்கள்.