சூட்டுப் பத்தியம்

யமுனா பல் துலக்கித் துப்பினால் தொட்டி சிவந்துவிடும். ஆறு மாதமாக அப்படித்தான். "வெத்தல போட்டியா?" என்று நான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நாற்பது வயதிலேயே வாயில் ஒரு பல்கூட இல்லை. எங்கள் கல்யாண போட்டோவில் அவர் உதடு உள்வாங்கி இருப்பதைக் காட்டி, "நான் இப்டி ஆவக் கூடாது மாமா" என்பாள். அவளுக்கு இருபத்தேழு வயது.

சத்தியவேட்டுப் பல் டாக்டர் பார்த்துவிட்டு, இது ஈறு நோய், திருப்பதியில் ஈறுக்கென்றே படித்தவர் இருக்கிறார், போங்கள் என்றார். போனோம். டாக்டர் ஸ்ரீதேவி ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்த்தார். ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம் என்று தெலுங்கில் சொன்னார். முதலில் பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஈறுக்குள் லேசர் வைக்க வேண்டும். இரண்டு மாதத்தில் நான்கு தடவை வர வேண்டும். விட்டுவிட்டால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும், கரைந்தது திரும்பாது. லேசர் வைத்த அன்றைக்கு மட்டும் பிரஷ் வேண்டாம், மறுநாளிலிருந்து மெதுவாகத் துலக்கியே ஆக வேண்டும். யமுனா தலையாட்டினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

வீட்டில் என் அம்மா கங்கம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "பல்லுல ரத்தம் வர்றதுக்குத் திருப்பதியா? உப்புத் தண்ணி கொப்புளிக்கச் சொல்லு வேணு." பேசிப் பேசி அலுத்துப்போய், "அதுவும் சூடு போடற மாதிரிதாம்மா. கம்பிக்குப் பதிலா வெளிச்சம்" என்றேன். அம்மா உடனே சரி என்றாள். எங்கள் பக்கம் மஞ்சள் காமாலைக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் உடம்பில் சூடு போடுவார்கள். அம்மாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் லேசர் முடிந்த மறுநாள் காலை யமுனா பிரஷ்ஷை எடுத்தாள். அம்மா அதைப் பிடுங்கிவிட்டாள்.

"சூட்டுக்குப் பத்தியம் கீது. இருவத்தோரு நாளு அந்த எடத்துல எதுவும் படக் கூடாது. ஒரு வருசத்துக்கு மறுசூடும் கூடாது."

"டாக்டரு தொலக்கச் சொன்னாங்க அத்த."

"சூடுதான்னு எம்புள்ளயே சொன்னான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நான் புளுகியது வெளியே வரும், வீடு இரண்டு நாளைக்கு ரணகளமாகும். "பெரியவங்க சொல்றாங்க, கேளேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். கோழை என்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

மூன்று வாரம் ரத்தம் வரவில்லை. துலக்காத வாயில் எங்கே வரும்? அம்மா அதைச் சூட்டின் மகிமை என்று தெருவெல்லாம் சொன்னாள். கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது ஷிப்ட் இருக்கிறது என்றேன். பத்தியம் முடிந்து யமுனா துலக்க ஆரம்பித்ததும் ரத்தம் திரும்பியது. "வந்துக்கினே கீது மாமா, போலாமா?" என்று மூன்று தடவை கேட்டாள். வருசம் முடியட்டும் என்றேன். ஒருநாள் தனியாகவே கிளம்பினாள். அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பக் கூட்டி வந்தாள். அதற்குப் பிறகு யமுனா கேட்கவில்லை.

பத்தாவது மாதம் கீழ் முன்பற்கள் இரண்டும் ஆடின. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. ஸ்ரீதேவி எக்ஸ்ரேயையும் பழைய சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். லேசருக்கான கட்டம் தாண்டிவிட்டது, இரண்டையும் எடுக்க வேண்டும், மற்ற பற்களுக்கு ஈறைக் கிழித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். யார் வர வேண்டாம் என்று சொன்னது என்று கோபமாகக் கேட்டார்.

"நானேதான் வரல மேடம்" என்றாள் யமுனா.

பல்லைப் பிடுங்கிய இடத்தில் பஞ்சைக் கடித்தபடி பஸ் ஏறினாள். பஸ் புத்தூரைத் தாண்டியது. எனக்குத் தாங்கவில்லை.

"அம்மாவ நெனச்சா ஆத்திரமா வருது. எல்லாம் அவங்களாலதான்" என்றேன்.

அவள் பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் மடித்தாள். பேசும்போது பல் இல்லாத இடத்தில் காற்று போனது.

"அத்தைக்குத் தெரியாது மாமா, தெரியாம சொன்னாங்க. உனுக்குத் தெரியும்."