பத்து மீட்டர்

பவுடர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அடக்கச் சேவைக்காரர் ஜேடனைப் பார்த்தார். பெட்டிக்குள் கோட்டு சூட்டோடு படுத்திருந்த தோமஸின் இரண்டு கன்னங்களிலும் வெள்ளைக் கோடுகள். சைக்கிள் ஹெல்மெட்டின் வார் வருடக்கணக்காக வெயிலை மறைத்து வரைந்தவை.

"இத மறைச்சிடவா தம்பி?"

"வேணாம். எங்க டேடி கஷ்டப்பட்டு சம்பாதிச்சது. இருக்கட்டும்."

சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்த சேவைக்காரர், தொழில் கருதி டப்பாவை மூடினார்.

பெட்டியின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஜேடனின் அம்மா டொரத்தி உட்கார்ந்திருந்தாள். குனிந்து கையைப் பிடிக்கும் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். "விழுந்த உடனே ஜேடன் போனுக்கு மெசேஜ் வந்துருச்சு. சைக்கிள்ல இருக்குற அந்த மெஷின் அனுப்பிரும். அவரு தனியா கெடக்கல."

ஜேடன் அப்படிச் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போலீஸ் போன் செய்தபோது, அரைத் தூக்கத்தில், "ஆமா, ஆமா, தெரியும்" என்றான். பண்டார் தெங்காரா சாலை தெரியுமா என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மா, விழுந்தது இவனுக்கு முன்பே தெரியும் என்று எடுத்துக்கொண்டு, மீதியைத் தானே கட்டிக்கொண்டாள். திருத்துவதற்கு அவனுக்கு இரண்டு முழு நாட்கள் கிடைத்தன. அவன் அந்த நாட்களில் கூடாரக்காரனுக்குப் போன் செய்தான், மினரல் தண்ணீர் எத்தனை பெட்டி என்று முடிவு செய்தான்.

மெசேஜ் வரவில்லை. வந்திருக்கவே முடியாது.

தோமஸ் ஓய்வுபெற்ற பிறகு வாங்கிய அந்த ஜிபிஎஸ் மெஷின் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சைக்கிள் கைப்பிடியில் உட்காரும். ஓட்டுகிறவர் விழுந்தால் அதற்கே தெரியும். முப்பது வினாடி பொறுக்கும், பிறகு வீட்டுக்குத் தகவல் அனுப்பும். ஆனால் அதற்குச் சொந்தமாக வாய் கிடையாது. ஓட்டுகிறவரின் சட்டைப்பையில் இருக்கும் போனோடு புளூடூத்தில் இணைத்திருந்தால் அந்தப் போன் வழியாகத்தான் பேசும். அக்டோபரில் ஜேடன் அதைத் தன் போனோடு இணைத்தான். தற்காலிகமாக.

"உங்க போன் பழசு டேடி. இதுக்கு ஒத்து வராது. புதுசு வாங்குங்க, மாத்தித் தரேன்."

தோமஸ் மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை வங்கி அதிகாரியிடம் கேட்பதுபோலக் கேட்டார். அதற்கப்புறம் கேட்கவில்லை; மாற்றியாகிவிட்டது என்று நினைத்துவிட்டார் போல.

ஒவ்வொரு ஞாயிறு காலையும் தோமஸ் போர்ச்சில் சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது மெஷினின் மூலையில், இணைந்திருக்கிறது என்று, சின்னப் போன் படம் ஒளிரும். மாடியில் ஜேடன் தூங்கிக்கொண்டிருப்பான், போன் தலையணைக்கு அடியில். பத்து மீட்டர், புளூடூத் எட்டும் தூரம். கேட்டைத் தாண்டி இரண்டு வீடு போனதும் படம் அணையும். தோமஸ் ஓட்டும்போது படிக்கும் கண்ணாடி போடுவதில்லை.

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றிப்போன லாரிக்காரர் அவரைச் சாலையோரச் சரளையில் பார்த்தபோது விழுந்து ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. "அரை மணிக்குள்ள கொண்டாந்திருந்தா..." என்றார் மருத்துவர், ஜேடனிடம் மட்டும். வாக்கியத்தைப் பாதியில் விட மருத்துவர்களுக்குச் சலுகை உண்டு.

"டேய் ஜேடன்."

சதாசிவம் நின்றிருந்தார். தோமஸோடு ஆறு வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர். ஆரஞ்சு நிற ஜெர்சியின் முதுகில் கோழிச்சோற்றுக் கடை விளம்பரம், கையில் கறுப்பு ரிப்பன். சவ வண்டிக்குப் பின்னால் எட்டுப் பேர் கல்லறைவரை சைக்கிள் ஓட்டப்போகிறார்கள்.

"முட்டி வலின்னு நான் போகலடா அன்னிக்கு. தனியா போகாத லா, அடுத்த வாரம் சேந்து போலாம்னேன். கேட்டானா? 'என் மகன் பாத்துக்கிட்டே இருப்பான்'னான்."

ஜேடன் தண்ணீர்ப் பெட்டிகளைப் பார்த்தான்.

"அவன் மெஷின்தான் என்கிட்டயும் இருக்கு. அவனுக்கு செட் பண்ண மாதிரியே எனக்கும் பண்ணிக் குடுடா."

"இப்பவா அங்கிள்?"

"பின்ன எப்ப? நீ நாளைக்கு சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடிருவ."

மெஷினையும் போனையும் நீட்டினார். தோமஸின் போன் அது. அதே நிறம், அதே தடித்த கவர்.

"முழிக்காத லா. நானும் உங்கப்பனும் ஜேபி டவுன்ல ஒரே நாள்ல வாங்குனது. ரெண்டு வாங்குனா கவர் ஃப்ரீ."

"இது பழசு அங்கிள். ஒத்து வராது."

"போட்டுப் பாத்தியா?"

இல்லை. அவன் போட்டுப் பார்க்கவில்லை. இதிலும் இல்லை, டேடியின் போனிலும் இல்லை.

பெட்டியைச் சுற்றி செபமாலையின் மூன்றாம் பத்து தொடங்கியது. போனில் செயலி இறங்கியது. மெஷின் திரையில் ஆறு எண்கள் வந்தன, போனில் அடித்தான். ஒரு வட்டம் சுற்றியது. பத்து முறை சொல்ல வேண்டிய அருள் நிறைந்த மரியே ஏழாவது முறை சொல்லப்பட்டபோது, 'இணைக்கப்பட்டது' என்று வந்தது. பத்து முடியக்கூட இல்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அலமாக்! இதுக்கா இத்தன நாளா ஒன்னக் கேக்கப் பயந்தேன்?"

விழுந்தால் தகவல் போக வேண்டிய எண்ணைச் செயலி கேட்டது. "உங்க மக லோஷினி நம்பர் சொல்லுங்க அங்கிள்."

"அவ மெல்பர்ன்ல இருந்துக்கிட்டு என்னா செய்வா, பறந்து வருவாளா? ஒன் நம்பரப் போடு. ஒனக்குத்தான் பழக்கமாச்சே."

போட்டான்.

"நல்லா பண்ணிக் குடுப்பா," என்றாள் டொரத்தி, பத்து முடிந்த இடைவெளியில். "அண்ணே, இவன் இதெல்லாம் டக்குனு பண்ணிருவான். அவருக்கும் இவன்தான்."

ஜேடன் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினான். "மம்மி. அன்னிக்கு வந்துச்சுன்னு சொல்றீங்களே, அந்த மெசேஜ்..."

"என்னப்பா?"

அவள் கை பெட்டியின் விளிம்பில் இருந்தது. மறு கையால் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"நேரமாச்சு மம்மி. ஃபாதர் வந்துட்டாரு."

மூடியைப் பொருத்தினார்கள். ஆறு பேர் தூக்கினார்கள். ஜேடன் முன்னால் இடது பக்கம். பெட்டி எதிர்பார்த்ததைவிட இலேசாக இருந்தது. இவ்வளவு சைக்கிள் ஓட்டியதன் பலன்.

அம்மா ஃபாதரின் காரில் ஏறினாள். ஜேடன் சவ வண்டியில், ஓட்டுநருக்குப் பக்கத்தில். பிரதான சாலைக்கு வந்ததும் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

'சதாசிவம் பயணத்தைத் தொடங்கினார்.'

அழுத்தினான். வரைபடம் திறந்தது. ஒரு நீலப் புள்ளி அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது, அவர்கள் திரும்பிய இடத்தில் திரும்பி, அவர்கள் வேகத்திலேயே. வண்டி சமிக்ஞை விளக்கைத் தாண்டியது. புள்ளி நின்றது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்க."

"முப்பதுலதான் போறேன் தம்பி. இதுக்கு மேல மெதுவான்னா எறங்கித்தான் தள்ளணும்."

புள்ளி நகரவில்லை. ஜேடன் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். பின் கண்ணாடி முழுக்க மலர்வளையங்கள். அவற்றுக்கு முன்னால் பெட்டி. சாலை கொஞ்சமும் தெரியவில்லை. அவன் மறுபடி போனைப் பார்த்தான்.