அறுநூற்றுப் பன்னிரண்டாவது வேலை

என் புருஷன் மேக்ஸ்வெல் இறந்து எட்டு மாதம் கழித்து எங்கள் கம்ப்யூட்டரும் போனது. இரண்டுக்குமே நான் அழவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பவர் பட்டனை அழுத்தினேன். உள்ளே விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. சரி, நீயும் போ என்று சொல்லிவிட்டு டீ போடப் போனேன். எடுத்த படங்கள் எல்லாம் தனியாக ஹார்டு டிஸ்க்கில் இருந்ததால் வேலை எதுவும் நஷ்டமில்லை. நஷ்டமாகியிருந்தாலும் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது.

நாங்கள் கல்யாண வீடியோக்காரர்கள். அவர் எடுப்பார், நான் எடிட் செய்வேன். அவருடைய அப்பா இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதால் எங்கள் வீட்டில் ஷூட்டிங்குக்குப் பெயர் அண்டர்கிரவுண்டு, எடிட்டிங்குக்கு சர்ஃபேஸ். “லோடு மேல வந்துடுச்சு இசபெல்லா” என்று மெமரி கார்டுகளை மேஜையில் கொட்டுவார். வேலைகளுக்குப் பெயர் வைக்கவே மாட்டார். அந்தக் காலத்தில் சுரங்கத்தில் ஆளுக்கொரு டோக்கன் நம்பர் இருந்ததே, அதே மாதிரி கல்யாணத்துக்கு ஒரு நம்பர். மாப்பிள்ளை பெயர் கிடையாது, தேதி கிடையாது. 340 என்றால் 340. யார் கல்யாணம் என்று தெரிய வேண்டுமானால் திறந்து பார்க்க வேண்டும். இதற்காகப் பதினேழு வருஷம் அவரோடு சண்டை போட்டேன். கடைசியில் நானும் நம்பரிலேயே பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஐம்பத்தொரு வயதில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பான மைசூர் மைன்ஸில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். என் காதுக்கு என்ன கேடு? சாப்பிட்டேன், தூங்கினேன், மாதா கோவிலுக்குப் போனேன், பாக்கியிருந்த இரண்டு கல்யாணங்களை முடித்துக் கொடுத்தேன். மரத்துப்போன காலில் எறும்பு ஏறினால் எப்படித் தெரியாதோ அப்படித்தான் நாள் போனது. நான் தைரியமானவள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவருடைய தங்கை டீனா பெங்களூரில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் போன செய்தி கேட்டதும் அன்றைக்கே போன் செய்தாள்.

“அண்ணி, இதான் நேரம். இன்னாத்துக்கு அங்க தனியா கெடக்கறீங்க? வீட்ட காலி பண்ணிட்டு இங்க வந்துடுங்க. ஹால்ல ஜன்னல் பக்கம் ஒரு மூலை சும்மாதான் கீது.”

“வேலை?”

“ஒரு ஆல்-இன்-ஒன் வாங்கிக்கோங்க. ஸ்க்ரீனுக்குள்ளயே எல்லாம் இருக்கும். ஒரே வயரு. என் ஃப்ரெண்டு ஸ்டூடியோவுல ஆல்பம் டிசைன் வேலை தர்றேன்னு சொல்றா. அதுக்கு அது போதும் அண்ணி.”

டீனா நல்லவள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. என் வயதில், என் நிலைமையில், ஒரு மூலையும் ஒரே வயரும் போதும்தான்.

ஆண்டர்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உதய் வேறு மாதிரி சொன்னான். வார நாளெல்லாம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவன். ஞாயிறு மட்டும் கடையைத் திறப்பான். “அக்கா, நாலு கேமரா கல்யாணம் எடிட் பண்ணணும்னா ஒர்க்ஸ்டேஷன்தான். ஆல்-இன்-ஒன் பாக்க சூப்பரா இருக்கும், ஸ்க்ரீன் கலரும் ஏ-ஒன். ஆனா உள்ள ஒண்ணு போனா மொத்தமும் போச்சு. கிராஃபிக்ஸ் கார்டு மாத்த முடியாது, ரேம் ஏத்த முடியாது. ஒர்க்ஸ்டேஷன் பெரிய டப்பா, சத்தம் போடும். ஆனா பத்து வருஷத்துக்கு மாத்தி மாத்தி ஓட்டலாம்.”

ஆக, கேள்வி மெஷினைப் பற்றியதே இல்லை. ஆல்-இன்-ஒன் என்றால் டீனா வீட்டு ஹால், ஆல்பம் டிசைன், இந்த வீட்டுக்குப் பூட்டு. ஒர்க்ஸ்டேஷன் என்றால் இதே வீடு, இதே தொழில், கூட வேலை செய்ய வேறு கேமராக்காரர்களைத் தேடிக்கொண்டு தனியாக இன்னும் பத்து வருஷம். இரண்டையும் மாற்றி மாற்றி மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சாம்பாரா ரசமா என்று கேட்டால்கூட எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும். இதற்கு இல்லை. அதனால் சுலபமானதையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று டீனாவிடமும் உதயிடமும் சொன்னேன்.

“வரும்போது உங்ககிட்ட கீற ப்ராஜெக்ட்லயே வெயிட்டானது ஒண்ணு எடுத்துட்டு வாங்க அக்கா. ரெண்டுலயும் ஓட்டிக் காட்டறேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது” என்றான் உதய்.

பக்கத்து வீட்டு லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, எது பெரியதோ அது மேலே வரும்படி அடுக்கினேன். 612 என்று ஒரு ஃபோல்டர் முதலில் வந்து நின்றது. அந்த அளவுக்கு நான்கு கேமராவாவது இருக்க வேண்டும். பங்காருபேட்டைக் கல்யாணமாக இருக்கும் என்று நினைத்தேன். திறந்து பார்க்கவில்லை. சின்ன டிஸ்க்கில் காப்பி போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். மாடியில் ஒரே அறை. நீளமான மேஜையில் இரண்டு மெஷினும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஆல்-இன்-ஒன் வெள்ளையாக, மெலிசாக, கல்யாணச் சீரில் வைக்கும் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒர்க்ஸ்டேஷன் கறுப்பு. அதற்குத் தனியாக ஒரு ஸ்க்ரீன். உதய் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு என் டிஸ்க்கை ஆல்-இன்-ஒன்னில் செருகினான். சத்தத்தை வைத்து நான்கு கேமராவையும் பொருத்தி, நான்கு கட்டங்களில் ஒன்றாக ஓடவிட ஏற்பாடு செய்தான். அவன் முதுகைப் பார்த்தபடி நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

“அக்கா” என்றான். “இது… கல்யாணம் இல்ல.”

எட்டிப் பார்த்தேன். நான்கு கட்டத்திலும் என் வீட்டு ஹால். சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம், வாடகைக்கு எடுத்த நீல நாற்காலிகள், நடுவில் பெட்டி.

இந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. கேமராக்காரன் ஒருவன் இறந்தால் மற்றவர்கள் மாலையோடு மட்டும் வர மாட்டார்கள், கேமராவோடும் வருவார்கள். யாரும் கூப்பிட வேண்டாம், யாரும் காசு கேட்க மாட்டார்கள். அன்றைக்குத் தங்கவேலு, ஹரோல்ட், இன்னும் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு மூலையில் நின்றது எனக்கு நினைவிருந்தது. எடுத்ததைத் தங்கவேலு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அடக்கம் முடிந்த வாரத்தில் வந்து டிஸ்க்கில் ஏதோ ஏற்றிவிட்டு, ஏதோ சொன்னார். நான் தலையை ஆட்டினேன். மேக்ஸ்வெலின் கடைசி வேலை 611. தங்கவேலு அடுத்த நம்பரைப் போட்டு, பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார். மேக்ஸ்வெலின் முறைப்படிதான் செய்திருக்கிறார்.

“க்ளோஸ் பண்ணிடறேன் அக்கா. வேற ஏதாவது வெச்சுப் பாக்கலாம்.”

“வேணாம். ஓட்டு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. மெஷின் பார்க்க வந்தோம், பார்த்துவிட்டுப் போவோம் என்கிற மாதிரிதான் இருந்தது.

ஓட்டினான். ஃபாதர் ஜெபம் சொன்னார். நான்கு படமும் திக்கித் திக்கி நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் படம் மொத்தமாக நின்று, சத்தம் மட்டும் ஓடியது. பெண்கள் அழும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். அதற்கு நடுவே ஒரு பெண் குரல், எரிச்சலோடு, தெளிவாக: “தங்கவேலு அண்ணே, அந்த ட்யூப்லைட்ட அணைக்கச் சொல்லுங்க. கேமராவுல மொகம் பச்சையா விழுது.”

என் குரல். படம் ஒரு குதி குதித்து முன்னால் போனது. பெட்டி மூடியிருந்தது.

“பாத்தீங்களா, லோடு தாங்கல, நடுவுல ஃப்ரேம் எல்லாம் விட்டுடுது” என்று தரையைப் பார்த்தபடி சொன்னான் உதய். பாவம், அவன் என்னதான் சொல்வான்.

நான் அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. பெட்டியை மூடியதும் நினைவில்லை. எட்டு மாதமாக அந்த இடத்தை நினைக்கப் போனால் சுவர்தான் தெரிந்தது. கடைசியாக முகத்தைப் பார்த்தேனா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது, நான் என் புருஷனைப் பார்த்தேனா என்று?

“அதுல போடு” என்று கறுப்பு மெஷினைக் காட்டினேன்.

அது இரைந்துகொண்டு ஆரம்பித்தது. நான்கு கட்டமும் தண்ணீர் மாதிரி ஓடின. மூன்றில் பெட்டி. நான்காவது ஹரோல்டின் கேமரா, கதவுப் பக்கத்திலிருந்து. அதில் நான் இருந்தேன். வெள்ளைச் சேலை, கலைந்த தலை. பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கையை நீட்டி ட்யூப்லைட்டைக் காட்டுகிறேன். எனக்குப் பின்னால் நான்கு பேர் மூடியைத் தூக்குகிறார்கள். ஹால் முழுக்க எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். நான் ஒருத்தி லைட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விளக்கு அணைகிறது. ஜன்னல் வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது. மூன்று கேமராவிலும் அவர் முகம் பச்சை போய் அவருடைய நிறத்துக்கு வருகிறது. நான் திரும்புவதற்குள் மூடி இறங்கிவிட்டது.

வெட்கமாக இருந்தது. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று என் உடம்புக்குள் வந்தது, அது வலித்தது.

“தள்ளு” என்று உதயை நகரச் சொல்லி மவுஸை வாங்கினேன். பின்னால் போனேன். தங்கவேலுவின் கேமராவை முழு ஸ்க்ரீனுக்குக் கொண்டுவந்தேன். விளக்கு அணைந்த இடத்திலிருந்து மூடி மறைக்கும் இடம்வரை, அம்புக்குறி பட்டனைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினேன். மெஷின் ஒன்றைக்கூட விடவில்லை. மீசையை யாரோ சீவிவிட்டிருந்தார்கள், அவர் சீவுவதற்கு நேர் எதிர்ப்பக்கம். வலது புருவத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு. மூன்று நொடிகூட இல்லை. எழுபது ஃப்ரேம் இருக்கும். எல்லாவற்றையும் பார்த்தேன். பிறகு முதலிலிருந்து மறுபடி பார்த்தேன்.

எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியாது. உதய் எழுந்துபோய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே நின்றுகொண்டான். சத்தமாகத்தான் அழுதேன். கீழே மருந்துக் கடையிலிருந்து யாரோ மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

டீனாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

“டீனா, நான் வரல. பெரிய மெஷின்தான் வாங்கறேன். உன் வீட்டு மூலையில நிக்காது.”

“இன்னா அண்ணி இது? திடீர்னு இன்னா ஆச்சு? அழறீங்களா?”

“வேல ஒண்ணு பாக்கி கீது. நாலு கேமரா.”

“யார் வீட்டுக் கல்யாணம்?”

“கல்யாணம் இல்ல. உங்கண்ணன்” என்றேன். “எடிட் பண்றதுக்கு அவரு என்னை விட்டா வேற யாருகிட்டயும் குடுக்கமாட்டாரு.”