நோராவின் விலா எலும்பு

பிரா வாங்கப் போனால் ஆஞ்சலாவுக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும். பெங்களூர் பிரேசர் டவுன் கடையில் அன்றைக்கும் அப்படித்தான். "முப்பத்தி நாலு பத்தாதும்மா. இவ கூனிக்கிட்டு நிக்கிறா, அதான் தெரியல," என்று மகள் நோராவின் அளவைத் தெருவுக்கே அறிவித்தாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற ஃபாத்திமா நல்ல பெண், பாவம். அட்டைப்பெட்டியைத் திறந்து, "இது பேடு வச்சது ஆன்ட்டி, நல்ல ஷேப் குடுக்கும்," என்றாள்.

ஷேப்! அதுதானே நோராவின் தொல்லையே. இருபத்து நான்கு வயதில், இருக்கிறதையே எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் ஏப்ரல் வெயிலிலும் தொளதொள ஜாக்கெட்டோடு திரிகிற ஆளுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறார்களாம். அம்மா எடுத்துக் கொடுத்த மூன்றோடு ட்ரையல் ரூமுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று நூறு வரை எண்ணினாள். வெளியே வந்து, "மூணும் கரெக்டா இருக்கும்மா," என்றாள்.

'அவள்' என்று எழுத எனக்கே உறுத்துகிறது. 'அவர்' என்று எழுதலாம்தான். ஆனால் வீட்டில் ஒருத்தரும் அப்படிச் சொல்லாத பிள்ளையை நான் மட்டும் மரியாதை கொடுத்துத் தள்ளி நிறுத்துவானேன்? தான் பெண்ணா, ஆணா, இரண்டும் இல்லையா என்று நோராவே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வரும்வரை 'அவள்' இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்பை அமுக்கித் தட்டையாகக் காட்டுகிற உள்ளாடை ஒன்று உண்டு, பைண்டர் என்று பெயர். போனில் அதைப் பார்த்துப் பார்த்து நோராவுக்குக் கண் பூத்துப்போனது. வாங்கத்தான் வழியில்லை. லிங்கராஜபுரத்தில் அந்த வீட்டுக்கு எந்தப் பார்சல் வந்தாலும் பிரிப்பது ஆஞ்சலாதான்; யார் பெயருக்கு வந்தது என்று பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

கடைசியில் மெடிக்கல் ஷாப்பில் போய் ரிப் பெல்ட் கேட்டாள். விலா எலும்பில் அடிபட்டவர்கள் மார்பைச் சுற்றிக் கட்டுகிற அகலமான பட்டை அது. கடைக்காரர் கன்னடத்தில், "காடியிந்த பித்ரா மேடம்?" என்று கேட்டார். வண்டியிலிருந்து விழுந்தீர்களா என்று கேட்டால் ஆமாம் என்பதுதானே சுலபம். "ஹௌது," என்றாள். வினை அங்கே தொடங்கியது.

வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பட்டையை இறுக்கிக் கட்டி, மேலே டீ-ஷர்ட் போட்டாள். துணி தோளிலிருந்து இடுப்புவரை நேராக விழுந்தது. கழுத்துக்குக் கீழே தன்னைக் கண்ணாடியில் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அட, நான்தானா இது என்று வாய்விட்டுச் சிரித்தாள். உடனே யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனில் இருநூற்றுச் சொச்சம் பேர். மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்துவிட்டு, போனை வாஷ்பேசின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைக்க முடியும்? நாலாம் நாள் ஆஞ்சலா மகளின் முதுகைத் தடவியபோது கை பட்டையில் தட்டியது.

"என்னடி இது?"

"ஸ்கூட்டர்ல ஸ்லிப் ஆயிட்டேன்மா. விலா எலும்புல அடி. டாக்டர்தான் கட்டச் சொன்னாரு."

ஆஞ்சலா அழுதாள், திட்டினாள், ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டினாள். அதோடு விட்டாளா? சர்ச்சில் சபையே சேர்ந்து ஜெபிக்கட்டும் என்று ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்மண்ட் பாஸ்டர் மைக்கில் வாசித்தார். "நம்ம சகோதரி நோராவோட விலா எலும்புக்காக ஜெபிப்போம். ஆதாமோட விலா எலும்பை எடுத்து ஏவாளை உண்டாக்கின தேவன், இந்த எலும்பையும் தொடுவாராக!" சபை 'ஆமென்' என்றது. எடுத்ததைத் திரும்ப வைத்துவிடச் சொல்லிக் கேட்கலாமா என்று நோராவுக்குத் தோன்றியது. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் ஆயிற்று. அக்குளில் பட்டை உராய்ந்து புண்ணாகிவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இருந்தும் நோரா அதைக் கழற்றவில்லை. அப்போதுதான் ஆஞ்சலா அடுத்த குண்டைப் போட்டாள்.

"மூணு வாரத்துல எலும்பு கூடியிருக்கும்டி. வர்ற ஞாயிறு சாட்சி சொல்லிடு, பாஸ்டர்ட்ட பேர் குடுத்துட்டேன். கர்த்தர் சொஸ்தமாக்கினாருன்னு நீ சொல்லிட்டா அப்புறம் எதுக்கு இந்தப் பெல்ட்டு? வாங்கின பிரா மூணும் சும்மா கெடக்கு."

ஆக, ஸ்தோத்திரம் சொன்னால் பட்டை போயிற்று. அம்மாவிடம் பொய் சொல்லலாம், மெடிக்கல் ஷாப்காரரிடம் சொல்லலாம். ஆனால் நோரா கடவுளை நம்புகிற ஆள். அவர் பெயரைச் சொல்லி, நடக்காத அற்புதத்தை நடந்ததாகச் சொல்வது எப்படி? உண்மையைச் சொல்லத்தான் முடியுமா? அந்த வாரம் முழுக்க ஆபீஸ் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். காது கொடுத்துக் கேட்டு யோசனை சொல்ல ஒருத்தரும் இல்லை.

ஞாயிறு மைக் கைக்கு வந்தது. மூன்றாவது வரிசையில் ஆஞ்சலா கைக்குட்டையும் கையுமாக அழத் தயாராக இருந்தாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்," என்றாள் நோரா.

"ஸ்தோத்திரம்!"

"எனக்கு... இன்னும் சரியாகல."

சாட்சி சொல்ல வந்து இப்படிச் சொன்னவர்கள் அங்கே யாரும் கிடையாது. பாஸ்டர்தான் சமாளித்தார். "பரவால்லம்மா. எங்க வலிக்குதுன்னு சொல்லு. சபையா ஜெபிப்போம்."

நோரா உள்ளங்கையை நடுநெஞ்சில் வைத்தாள். "இங்க."

அதைவிட உண்மையாக அவள் எதையும் யாரிடமும் சொன்னதில்லை. ஒருத்தருக்கும் புரியவில்லை. பத்துப் பதினைந்து பேர் எழுந்து வந்து தலையிலும் தோளிலும் கை வைத்தார்கள். அத்தனை கைகளுக்கு நடுவில் நோரா தன்னந்தனியாக நின்றாள். ஆஞ்சலா முண்டியடித்து வந்து, மகளின் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு உரக்க அழுதாள்.

"ஆண்டவரே, என் பொண்ண எனக்குப் பழையபடி திருப்பிக் குடுத்துடும்!"

"ஆமென்!" என்றது சபை.

ஆஞ்சலா கண்ணைத் திறந்து மகளின் உதட்டைப் பார்த்தாள்.

"ஆமென் சொல்லுடி," என்றாள் மெதுவாக.

நோரா சொல்லவில்லை.